பந்தோடு நடப்பவர்

சிவப்பு ரப்பர் பந்தை வாய்க்காலில் போட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். பிறகு கரையில் அதன் கூடவே நடை. பந்து புல்லில் சிக்கினால் குச்சியால் ஒரு தட்டு. "வாடா கண்ணு, வழியில என்ன வேடிக்கை?"

வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுவது இவர் வேலை. எந்தப் பாலத்தடிக்கு எத்தனை மணிக்குப் பந்து வரவேண்டும் என்பது மனப்பாடம். பிந்தினால் நடுவில் யாரோ மறித்திருக்கிறார்கள். ஊரார் வைத்த பெயர் பந்தக்கா. "தண்ணித் திருடின்னு கூப்பிடாத வரைக்கும் சரி" என்பார்.

அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் நாத்தனார், கணவரின் தங்கை. அவள் வயல் வாய்க்கால் முடியும் கடைமடையில். போன முறை பந்து வந்தது. பின்னாலேயே தண்ணீர் நின்றுபோனது. "அண்ணி தன் வயலுக்குத் திருப்பிக்கிட்டாங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னவள், அன்றோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். இந்த முறையும் தண்ணீர் எட்டாவிட்டால் அவள் பயிர் கருகிவிடும். பகல் பன்னிரண்டு மணிக்கு, வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் தலைமதகை மூடிவிடுவார்கள்.

இந்த முறை நானும் கூட நடந்தேன். இரண்டாவது பாலத்துக்கு முன்னால் பந்து நின்றுவிட்டது. குறுக்கே ஒரு பலகை. தண்ணீர் முழுக்க இடப்பக்க வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அது பந்தக்காவின் சொந்த வயல். மண்வெட்டியோடு நின்றவர் அவர் கணவர்.

"கொஞ்ச நேரந்தான்..." என்று இழுத்தார் அவர்.

"போன தடவையும் நீங்கதானா?"

"அப்ப பந்து போனப்புறம் வச்சேன். இன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்."

பந்தக்கா பலகையைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"அதை எதுக்குத் தூக்கிட்டுப் போற?"

"உங்க தங்கச்சிகிட்ட காட்டத்தான்!"

ஈரப் பலகை, நல்ல கனம். கை கொடுக்கப் போனேன். "எங்க வீட்டுச் சுமை, விடுங்க" என்றார். இரண்டு கிலோமீட்டர். பந்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

பதினொன்றேகாலுக்குப் பந்து கடைமடைக்கு வந்தது. பின்னால் வந்த தண்ணீர் நிற்கவில்லை. வெடித்த மண்ணுக்குள் சளசளவென்று இறங்கியது. அப்பாடா என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வரப்பில் நாத்தனார் நின்றிருந்தாள்.

"உங்கண்ணன் வச்ச பலகை இது. போன தடவையும் அவருதான். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

நாத்தனார் பலகையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "எங்கண்ணனா? நான் உங்களைப் போய்... அண்ணி" என்றாள்.

பந்தக்கா பலகையைக் கரையில் போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு ஓரமாக நகர்ந்து, பலகையில் பாதி இடம் விட்டார்.