அப்பாவின் ஈட்டிக் கட்டில்

வெலிங்டன் ராணுவ முகாமிலிருந்து மாற்றலாகிப் போன அதிகாரியிடம் அப்பா வாங்கிய கட்டில், விலை உயர்ந்த கறுப்பு மரமான அசல் ஈட்டியாம். வீட்டுக்கு வருகிற எல்லோரும் அதைத் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

புது வார்னிஷ் அடிப்பதற்காக இன்று நானும் அப்பாவும் அதை உப்புத்தாளால் தேய்த்தோம். கறுப்புச் சாயம் உதிர உதிர, உள்ளே வெளிறிய மரம் தெரிந்தது.

அம்மா குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது தேயிலைத் தோட்டத்துல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்குங்களே!"

"மேல அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

அரை மணி நேரம் கழித்தும் அது சில்வர் ஓக்தான்.

"கண்ணு, ஞாயித்துக்கெழமை பெரியப்பா வர்றாரு. அதுக்குள்ள கறுப்பா வார்னிஷ் அடிச்சுப்போடலாம். யாருகிட்டயும் வாயத் தொறக்காத" என்றார் அப்பா.

இந்தக் கட்டிலைப் பார்த்து இன்றும் பொறாமையில் பெருமூச்சு விடுபவர் பெரியப்பா.

நான் வாயைத் திறக்கவே இல்லை; எழுதத்தான் செய்தேன். அவர் இந்த முகநூல் பக்கம் எட்டிப் பார்ப்பாரா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.