சாம்பிராணி மணத்த பெட்டிகள்

மாரியம்மனின் பிள்ளைகளான உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் சிவபாக்கியம். மாத்தளை டவுனில் எங்கள் வண்டிக் கொட்டகையைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் கொட்டகையில்தான் நம் வாலிபர் கைத்தொழில் சங்கம் நடக்கிறது. அம்மன் எனக்குச் செய்த உதவியைச் சொல்லும்படி சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். சொல்கிறேன். ஆனால் நான் பக்தியோடு கும்பிட்டேன், அவள் உடனே தந்தாள் என்று தேன் தடவிச் சொல்ல எனக்கு வராது. நான் அவளைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

தேயிலை விலை விழுந்துபோன காலம் அது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். யாருக்கு வயதாகிவிட்டது, யாருக்கு உடம்பு முடியவில்லை என்று பார்த்துப் பார்த்து, வேலையை விட்டு நிறுத்தும் பத்துச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்துவிட்டால் பேர் வெட்டியாயிற்று, லயத்தில் குடியிருக்கும் காம்பராவைக் காலி செய்யவேண்டும். போக இடமில்லாத சனத்தைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

என் தங்கை அஞ்சலை ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன் ஆறுமுகம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு அவன் இடது கால் முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கால் கோணலாகவே நின்றுவிட்டது. நடப்பான், மேட்டில் ஏறமாட்டான். மேடில்லாத தேயிலை மலை எங்கே இருக்கிறது? பெரிய கங்காணி லயத்து வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"இவன வச்சுக்கிட்டு நான் என்னாத்த பண்றது? ஏற முடியாதவன் ஆத்தாளையும் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போகட்டும்."

ஊராம், ஊர்! எந்த ஊர்? அவன் பிறந்தது அந்த லயத்தில். அவன் அப்பன் பிறந்ததும் அதே லயத்தில். இந்தியாவில் எங்கள் சனம் இருந்த ஊரின் பெயர்கூட எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கப்பலை விட்டு இறங்கி அந்தப் பிள்ளை யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? 

அப்போதுதான் சங்கம் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் வண்டி கட்டிப் பிழைத்தவர். லொறிகள் வந்த பிறகு மாடுகள் போயின, பிறகு அவரும் போய்விட்டார். கொட்டகை சும்மா கிடந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில் சொல்லிக்கொடுக்க இடம் வேண்டும் என்று டவுன் வாலிபர்கள் கேட்டார்கள், கொடுத்தேன். வைத்திலிங்கம் ஆசாரி மரவேலை பழக்க ஒப்புக்கொண்டார். ஆறுமுகத்தை முதல் ஆளாக அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தேன். கங்காணியின் காலில் விழாத குறையாகக் கேட்டு, தீபாவளி வரைக்கும் அவன் பேரை வெட்டாமல் வைத்திருக்கச் சம்மதம் வாங்கினேன்.

டவுன் பெரிய மனிதர்கள் திறப்பு விழாவுக்கு வந்தார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள், நாட்டின் எதிர்காலம் வாலிபர் கையில் என்று பேசினார்கள், பலகாரம் தின்றார்கள், போனார்கள். ஒரு பலகைத் துண்டு தந்தவர் கிடையாது. ஒருத்தர் என் முகத்துக்கு நேரே, "தோட்டத்துப் பொடியன்களுக்கு எதுக்கம்மா உளியும் மரம் அறுக்கிற வாளும்? கொழப்படி பண்ணத்தான் பழகுவான்கள்" என்றார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடக்கிக்கொண்டேன். அந்தக் காலத்தில் அடக்கிக்கொள்வேன்.

அலைந்து திரிந்து கடைசியில் ஒரு வழி கிடைத்தது. தேயிலைத் தூளை அடைத்து அனுப்பும் பெட்டிகளுக்கான பலகை அப்போது கப்பலில்தான் வரும். அதை நம் பிள்ளைகளே செய்தால் என்ன? அஞ்சலையின் தோட்டத்தில் ஸ்டோரை, அதாவது தேயிலை ஆலையை, நடத்தும் டீமேக்கரைப் போய்ப் பார்த்தேன். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார், முகத்தில் சிரிப்பென்பதே கிடையாது. ஒரு வண்டி நிறையப் பெட்டி செய்து கொண்டுவரச் சொன்னார். நன்றாக இருந்தால் தொடர்ந்து எடுக்கலாம், ஆறுமுகத்தைப் பெட்டி வேலைக்கென்று ஸ்டோரிலேயே பேர் போடத் துரையிடம் சொல்கிறேன் என்றார். ஒரே ஒரு கண்டிப்புத்தான் சொன்னார்: மணமுள்ள மரம் ஆகாது.

நாங்கள் ஒவ்வொரு பலகையையும் மோந்து மோந்து வாங்கினோம். மரக்கடைக்காரன், "என்னம்மா, பலகை வாங்க வந்தீங்களா, மல்லிகைப்பூ வாங்க வந்தீங்களா?" என்று கேலி செய்தான். பிள்ளைகள் கோணலாக அறுத்தார்கள், திரும்ப அறுத்தார்கள். ஆறுமுகம் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பமாட்டான். இழைப்புளி அவன் கையோடு ஒட்டிக்கொண்டது. அவன் இழைத்த பலகையைக் கன்னத்தில் வைத்துத் தேய்க்கலாம். ஆயுத பூசைக்கு முன்னால் பெட்டிகள் முடிந்துவிட்டன.

முதல் வேலை அல்லவா? உளி, வாள், சுத்தியலோடு பெட்டிகளையும் பூசையில் வைத்தோம். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் இருந்தது. புதுத் தொட்டில் வாங்கினால் பிள்ளையைப் போடுமுன் சாம்பிராணிப் புகை காட்டுவோமே, அதுபோல ஆறுமுகம் தூபக்காலை எடுத்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இறக்கிக் காட்டினான். கண் பட்டுவிடக்கூடாது என்று, புகை வெளியே போகாமல் மூடியும் போட்டுவிட்டார்கள் பிள்ளைகள். நான் கைகூப்பி நின்றேன், கண்ணில் நீர் வந்தது. மரத்தை மோந்து பார்த்து வாங்கிய எங்களில் ஒருத்தருக்கும் அந்த நேரம் தோன்றவில்லை. சாம்பிராணியை நாம் ஒரு வாசமாகவா நினைக்கிறோம்? அது சுத்தம், அது சாமி.

விசயதசமி கழித்து வாடகை வண்டி பிடித்துப் பெட்டிகளைக் கொண்டுபோனோம். டீமேக்கர் முதல் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"என்னா இது, கோயிலா?"

எனக்கு விளங்கவில்லை. "பூசை போட்டு எடுத்தாந்தோமுங்க" என்றேன், பெருமையாக.

"தேயில எந்த வாசத்தையும் இழுத்துக்கும், தெரியாதா? ஈயத் தகடு அடிச்சாலும் நிக்காது. இதுல தூளப் போட்டா சீமையில தொறக்கிறப்ப சாமி வாசம் அடிக்கும். எடுத்துக்கிட்டுப் போங்க."

அவ்வளவுதான். ஒரு பெட்டியைக்கூட அவர் எடுக்கவில்லை. ஆறுமுகம் திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியின் பின்பக்கம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்து வந்தான். கடைசியில் ஒன்று கேட்டான்:

"பெரியம்மா, கப்பல்ல போனா அங்க எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்?"

வண்டியைக் கோயிலடியில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கூட்டமில்லாத மத்தியான நேரம். சந்நிதியில் நின்று கத்தினேன். "உனக்குத்தானே புகை போட்டோம்? உன் பேரச் சொல்லித்தானே போட்டோம்? வேற எவனாச்சும் கெடுத்திருந்தா ஒங்கிட்ட வந்து முறையிடுவேன். நீயே கெடுத்தா நான் யார்கிட்ட போறது? ஒனக்குக் கண்ணில்லையா? அந்தப் பிள்ள கால ஒடச்சது போதாதா?" பூசாரி ஓடிவந்து, "அக்கா, அக்கா, அபச்சாரம்" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பல நாள் வீட்டில் விளக்கேற்றவில்லை. அம்மன் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அப்புறம் மழை பிடித்தது. ஐப்பசி மழை உங்களுக்குத் தெரியாததா? அந்த வருடம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கொட்டகை ஒழுகியது. பெட்டிகளை வெயிலில் வைத்து வாசத்தைப் போக்கலாம் என்றிருந்த நினைப்பிலும் மண் விழுந்தது. புதுப் பலகை வாங்கினாலும் காயாது. "இதுவும் உன் வேலைதானா?" என்று மழையையும் சேர்த்துத் திட்டினேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வருவது குறைந்தது. ஆசாரியும் வேறு வேலை தேடலாமா என்று பார்த்தார்.

அப்படி ஒரு காலையில் கொட்டகை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். டீமேக்கர்! முழங்கால் வரைக்கும் சேறு.

"அந்தப் பெட்டியெல்லாம் இருக்கா?"

"அடுப்புல வைக்கலாம்னு இருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு எரிச்சல்.

"வச்சிறாதீங்க. கண்டிப் பாதையில மண் சரிஞ்சு ரயில் நின்னுபோச்சு. எங்க பெட்டிப் பலகையெல்லாம் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. ஸ்டோருல தூள் குமிஞ்சு கெடக்கு. தொரை என் தலையத் திங்கிறாரு."

நான் திட்டித் தீர்த்த மழை!

அவரே வழியும் சொன்னார். பெட்டிகளைப் பிரித்து, புகை பட்ட உள்பக்கத்தை மட்டும் மெல்ல இழைத்து எடுக்கவேண்டும். பிறகு ஸ்டோரிலிருந்து கழிவுத் தூள் அனுப்புவார், அதைப் பெட்டிகளில் நிரப்பி மூடி வைக்கவேண்டும். மிச்சமிருக்கும் வாசத்தைத் தேயிலையே இழுத்துக்கொள்ளும். "போகுமான்னு என்னால சொல்ல ஏலாது. தீபாவளிக்கு முந்தி வந்து பார்ப்பேன். வாசம் இருந்தா தொடமாட்டேன்" என்றார்.

ஆள் அனுப்பி எல்லாப் பிள்ளைகளையும் வரவழைத்தேன். ஆணி பிடுங்கும்போது பலகை வெடித்தது, நான் கத்தினேன். ஒருத்தன் பலகையைக் காயவைக்க விறகு மூட்டப் போனான். "பாவி, மறுபடியும் புகையா?" என்று பாய்ந்துபோய்த் தண்ணீரை ஊற்றினேன். ஆறுமுகம்தான் உள்பக்கம் முழுவதையும் இழைத்தான். விரல் தோல் உரிந்து துணி சுற்றிக்கொண்டு இழைத்தான். கழிவுத் தூள் மூட்டை வந்தது, நிரப்பினோம், கொட்டினோம், புதிதாக நிரப்பினோம்.

இதற்கிடையில் அஞ்சலை மழையில் நனைந்து அழுதுகொண்டு வந்தாள். சீட்டு எழுதியாகிவிட்டது, தீபாவளி முடிந்ததும் வாங்கிக்கொள் என்று கங்காணி சொல்லிவிட்டாராம். சட்டி பானையைக்கூட மூட்டை கட்டிவிட்டாளாம். அவளைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. ஆனால் திட்டத் தெம்பில்லை.

கோயிலுக்குப் போனேன். ஈரச் சேலையோடு சந்நிதியில் உட்கார்ந்தேன். "தாயே, நாங்க ஒனக்குக் குடுத்த வாசம் அது. நீயே எடுத்துக்க. எங்க கையில இனி ஒண்ணுமில்ல" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல். வேறு வார்த்தை வரவில்லை.

டீமேக்கர் சொன்னபடி வந்தார். கழிவுத் தூளைக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலையை விட்டார். எடுத்தார். அடுத்ததற்குப் போனார். ஆறுமுகம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டொரு பெட்டியைக் காலால் ஒதுக்கினார். கடைசிப் பெட்டியை விட்டு நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒதுக்கினத விட்டுட்டு மத்தத ஏத்துங்க. உள்ள எழச்சது யாரு?"

பிள்ளைகள் ஆறுமுகத்தைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். டீமேக்கர் அவன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "பெட்டி வேலைக்குக் கால் எதுக்கு?" என்றார். மறுநாளே ஸ்டோரில் பெட்டி வேலைக்கென்று துரை அவனுக்குப் பேர் போட்டார். எழுதிய சீட்டைக் கங்காணி கிழித்துப்போட்டார். கிழித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "நான் அப்பவே சொன்னேன், இவன் கெட்டிக்காரன்னு." அடப்பாவி மனுஷா!

அந்தத் தீபாவளிக்கு ஆறுமுகமும் அஞ்சலையும் என் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். நான் விளக்கேற்றினேன். பிறகு கோயிலுக்குப் போய், "இத்தன பாடு படுத்தாம குடுத்திருக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டே விழுந்து கும்பிட்டேன்.

இதைக் கேட்டு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அஞ்சலையின் பக்கத்துக் காம்பராக் குடும்பம் அதே மாதம் கப்பலேறியது. அவர்களும் அம்மனைக் கும்பிட்டவர்கள்தான். ஏன் எங்களுக்குக் கொடுத்தாள், ஏன் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று இன்றைக்கும் அவளிடம் கேட்கிறேன். பதில் வரவில்லை. வரும்வரை கேட்பேன். முன்பெல்லாம் பயந்து பயந்து மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் கும்பிடுவேன். இப்போது பெற்ற தாயிடம் பேசுவதுபோல் பேசுகிறேன். அந்த மாற்றம் அவள் கொடுத்ததுதான்.

உங்களுக்கும் மனம் வெந்துபோயிருக்கும். வேலை இல்லை, சீட்டு வந்துவிட்டது, பிள்ளைக்கு வழியில்லை என்று வந்திருப்பீர்கள். அவளிடம் போங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடாதீர்கள். நான் திருப்பிக்கொண்டிருந்த நாட்களிலும் அவள் மழையை நிறுத்தவில்லை.

பிறகு பிள்ளையைக் கொட்டகைக்கு அனுப்புங்கள். கால் முடியாத பிள்ளையானாலும் அனுப்புங்கள். ஆறுமுகம் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேதான் இருக்கிறான், இழைக்கப் பழக்குவான்.