உப்புப் பார்க்கிறவளின் கண்

எங்கள் தெற்கு பிரேசில் மலைப்பக்கம் உறைபனி விழ ஆரம்பித்தால் பன்றி வெட்டுதான். கறியை அரைத்து, பூண்டும் மிளகும் உப்பும் போட்டுப் பிசைந்து, இருட்டுவதற்குள் குடலில் அடைத்துவிட வேண்டும். பச்சைக் கறியைக் கிள்ளி வாயில் போட்டு உப்பு சரியா என்று சொல்வது என் அண்ணி ஜெனோவேவா. அவள் தலையாட்டாமல் ஒருத்தரும் குடலைத் தொடமாட்டார்கள்.

அண்ணிக்கு இடது கண் பிறவியிலேயே தெரியாது. போன வருஷம் வலது கண்ணும் சிவந்து மங்கியது. பச்சைக் கறியிலிருந்து வந்த ஒட்டுண்ணி என்றாள் நகரத்து டாக்டரம்மா. இடது கண்ணைத் தின்றதும் அதுதானாம். அண்ணி கருவில் இருந்தபோது அவள் அம்மாவும் இப்படிப் பச்சைக் கறியில் உப்புப் பார்த்திருக்கிறாள். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "புண்ணு ஆறினாலும் விழித்திரை பிய்ஞ்சுக்கலாம். கண்ணுல திரை விழுந்த மாதிரி இருந்தா அன்னைக்கே வந்துருங்க. இருக்கிறது ஒத்தக் கண்ணு" என்றாள்.

அடுத்த வெட்டு எங்கள் கொட்டகையில். அண்ணி ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். பாதி, கறி பிசையும் தொட்டிக்கு வெளியே விழுந்தது.

"அண்ணி, கை எங்க போகுது?"

"கீழ்ப்பக்கம் கொஞ்சம் இருட்டா இருக்கு. காலைலேர்ந்து."

"காலைலேர்ந்தா? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நான் போயிட்டா அத்தனை கறியும் வீணாப் போகுமேடி."

என் அண்ணன் ஆர்லிந்தோ கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உப்ப மட்டும் பார்த்துச் சொல்லிட்டுப் போகட்டும். நம்ம அப்பன், பாட்டன் எல்லாம் தின்னவங்கதான். செத்தா போனாங்க?"

"உன் பன்றியும் நீயும் நாசமாப் போங்க" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

மண் ரோட்டில் வண்டி குதித்துக் குதித்துப் போனது. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உன் தாடை போச்சு," என்றாள். பாலம் தாண்டியதும், "வாயும் போச்சு."

"கண்ணு?"

"இருக்கு. கோவமாத்தான் இருக்கு."

சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

அன்றே ஆபரேஷன் செய்தார்கள். பிறகு, விழித்திரை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நாள்கணக்கில் குப்புறப் படுக்க வைத்தார்கள். "ஒட்ட வெச்சிருக்கேன். எவ்வளவு பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றாள் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்த பிறகும் யார் கேட்டாலும் அண்ணி "தெரியுது" என்பாள். சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பதைப் பார்த்து, பொய்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் மறுபடி உறைபனி, மறுபடி தொட்டி. அண்ணன் மகள் மர்லி ஐந்து மாசக் கர்ப்பிணி. "இனி உப்பு நீ பாரும்மா" என்றான் அண்ணன், ஒன்றுமே நடக்காத மாதிரி. அவளும் ஒரு துளி கிள்ளினாள்.

"மர்லி, கைய எடு."

கொட்டகையின் அந்தக் கோடியில், அடுப்புப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல். நேராக வந்தாள், எதையும் தொட்டுத் தடவவில்லை. மகளின் விரல் நுனியிலிருந்து அந்தத் துளிக் கறியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடான சட்டியில் போட்டாள்.

"வறுத்தா உப்பு எப்படித் தெரியும்?" என்று முனகினான் அண்ணன்.

"தெரியிற அளவுக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள் அண்ணி.

அத்தனை தூரத்திலிருந்து அந்தத் துளி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பூண்டு உரித்துக்கொண்டே அழுதேன்.