லெஃப்ட் ஃப்ரண்டின் போஸ்டர்

பூப்பந்து ஆடுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான் என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். கிரிக்கெட்டா மாமா என்கிறாள். கிரிக்கெட் இல்லை, கம்பளி நூலில் செய்த மஞ்சள் பந்து, மர மட்டை, வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். திருச்சியில் ஒரு மில் எங்களை அதற்காகவே வேலைக்கு எடுத்தது. காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவோம். சாயங்காலமும் மைதானம்தான். மில்லுக்குள் எந்த மிஷின் என்ன செய்கிறது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

மில்லை மூடி எவ்வளவோ வருஷமாகிவிட்டது. அந்த ஐந்து பேரில் இப்போது மூன்று பேர்தான் மிச்சம். ரைட் பேக் சித்திரையில் போனான். லெஃப்ட் ஃப்ரண்ட் ஆடியில் போனான். பெயரைச் சொல்லாமல் இதென்ன மரியாதை என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குள் பெயர் புழக்கமே கிடையாது. கோர்ட்டில் எவன் எந்த இடத்தில் நிற்கிறானோ அதுதான் அவன். லெஃப்ட் ஃப்ரண்ட் என்று கத்துவதற்குள் இரண்டு பெயர் சொல்லிவிடலாம், ஆனாலும் எங்கள் கோச் அப்படித்தான் கத்துவார், அது ஒட்டிக்கொண்டது. நான் லெஃப்ட் பேக், லெஃப்ட் ஃப்ரண்டுக்கு நேர் பின்னால் நிற்பவன். என் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருக்குடா கல்யாணம்?" என்று கேட்டவர்கள் இவர்கள்.

லெஃப்ட் ஃப்ரண்ட் ஒல்லி. தலை நிறையச் சுருட்டை முடி, எண்ணெய் வைத்தாலும் அடங்காது. ஓங்கி அடிப்பதுபோல் கையைத் தூக்குவான். எதிராளிகள் பின்னால் ஓடுவார்கள். இவன் பந்தைத் தொட்டும் தொடாமலும் வலைக்கு அந்தப் பக்கம் நழுவவிடுவான். ஏய்ப்பதில் அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. தொட்டியத்தில் ஒரு திருவிழா மேட்சில் கோப்பையோடு ஒரு வாழைத்தாரும் பரிசாகக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான். திருச்சி வந்து சேர்ந்தபோது தாரில் பாதி காம்புதான் இருந்தது. வழியில் ஏறினவர்களுக்கெல்லாம் பிய்த்துக் கொடுத்துவிட்டு, "கப்பை நீங்க வெச்சுக்குங்கடா" என்றான்.

வயசான பிறகு நேரில் பார்ப்பது குறைந்து, அடியோடு நின்றே போனது. போனில் பேசுவோம். எப்படி இருக்கிறாய் என்றால், "முழங்கால்தான்டா மக்கர் பண்ணுது, ஆடி போனா வர்றேன்" என்பான். நம்பினேன். கோர்ட்டில் அவனை ஒரு நாளும் நம்பாதே என்று ஊரே சொல்லும். நான் போனில் ஏமாந்தேன்.

ஆடியில் ஒரு நாள் சென்டர் கூப்பிட்டான். அவன் ஸ்ரீரங்கத்துக்காரன், கோயில் குடும்பம். உறையூரில் கைத்தறி வேஷ்டி எடுக்க வேண்டும், துணைக்கு வாடா என்றான். தென்னூரிலிருந்து எனக்கு எட்டும் தூரம்தான், போனேன். வேஷ்டி எடுத்துக்கொண்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் புதுசாய் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசை இன்னும் காயவில்லை. வழுக்கைத் தலை, பருத்த கன்னம், மூக்குக் கண்ணாடி, நெற்றி நிறைய விபூதி. கம்ப்யூட்டரில் யாருடைய கோட்டு சூட்டையோ கழுத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். பெயரோ தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயர்.

"இந்த வெயில்ல மனுஷனுக்கு டை வேற கட்டி விட்டிருக்கா பாரு" என்றான் சென்டர். நானும் சிரித்தேன்.

பிறகு அவன், "லெஃப்ட் ஃப்ரண்டோட ஆத்துக்கு இந்தப் பக்கந்தானே போகணும்? பாத்துட்டுப் போலாமா?" என்று கேட்டான். வீடு எந்தத் தெருவில் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போன் போட்டேன். முழுக்க மணி அடித்து நின்றது. மறுபடி போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை. தூங்குவான், இன்னொரு நாள் வரலாம் என்று டீயைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு பஸ் பிடித்தோம்.

அடுத்த வாரம் தொட்டியத்திலிருந்து ரைட் ஃப்ரண்ட் போன் செய்தான். வாழை போட்டிருக்கிறான் அங்கே. பழைய அம்பயர் ஒருவர் மூலம் அவனுக்குச் செய்தி வந்திருந்தது. "நம்ம லெஃப்ட் ஃப்ரண்ட் போயிட்டான்டா. எல்லாம் முடிஞ்சு ஒரு வாரமாச்சாம்." சென்டரிடம் சொன்னேன். "பரமபதிச்சுட்டானா?" என்று கேட்டவன் போனை வைத்துவிட்டான்.

மூன்று பேரும் உறையூரில் சந்தித்தோம். ரைட் ஃப்ரண்டுக்கும் வீடு சரியாகத் தெரியாது. அதே டீக்கடையில் விசாரித்தேன். "இங்க சமீபத்துல ஒருத்தர் தவறிட்டாருங்க. முன்னாடி பூப்பந்து ஆடுவாரு. வீடு எதுங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மோவாயால் எதிர்ச் சுவரைக் காட்டினார். "இவரைத்தானே கேக்குறீங்க? ரெண்டாவது சந்துல, பச்சை கேட்டுங்க."

ஓரம் கிழிந்த போஸ்டரின் முன்னால் போய் நின்றோம். கண்ணாடியை மறைத்து, கன்னத்தை இறக்கி, தலையில் முடியை வைத்துப் பார்த்தேன். அவனேதான். சென்டர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

வீட்டில் அவன் மனைவி நாற்காலி போடச் சொன்னார். மகன் சுவரோரம் நின்றான். எங்களை யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ரைட் ஃப்ரண்ட் எங்கள் மூன்று பேரின் பெயரையும் முழுசாகச் சொன்னான். அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான், "நான் லெஃப்ட் பேக்கும்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "டீம் ஆளுங்களா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்த அன்னிக்கு போன்ல லெஃப்ட் பேக்னு வந்துச்சு சார். அப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருந்தோம். ஏதோ கம்பெனிக்காரன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"வெயில் ஏறுது ஏறுதுன்னு எல்லாரும் அவசரப்படுத்தினாங்கண்ணே" என்றார் அந்த அம்மா. "டீம் ஆளுங்க வராம எடுக்கக் கூடாதுன்னு அவர் சொல்லி வெச்சிருந்தார். யாருக்குச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியலை. வருவாங்க, வருவாங்கன்னு வாசலைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அப்பறம் எடுத்துட்டாங்க."

அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு சந்து தள்ளி டீ குடித்துக்கொண்டு அவனுடைய டையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். அதை அங்கே எப்படிச் சொல்வது? சொன்னோம். சென்டர்தான் சொன்னான், ஒன்றையும் மறைக்காமல். அவர் கோபப்படவில்லை. அவருக்கு வேறு ஒரு குறை இருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வராதது போகட்டும்ணே. எம்மேல அவருக்கு என்ன கோபம்னுதான் தெரியலை. கடைசி ரெண்டு மூணு நாள் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டார். பேச்சு நின்னுபோச்சு. நான் கட்டில்ல பின்னாடியே உக்காந்திருக்கேன், ஒரு தடவைகூடத் திரும்பலை. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டேதான் போனார். இத்தனை வருஷம் வாழ்ந்துட்டு, முதுகை."

மகன் சமாதானமாக, "கோபமெல்லாம் இல்லம்மா, நரம்புன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்றான். எங்கள் பக்கம் திரும்பி, "கையை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு விரலை விரலை நீட்டுவார் சார். மடக்கி விட்டாலும் திரும்ப நீட்டுவார்" என்றான்.

"எந்த விரல்?" என்று கேட்டேன்.

அந்த அம்மா தன் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைத்து, சுண்டு விரலையும் மோதிர விரலையும் நீட்டிக் காட்டினார்.

சென்டரும் ரைட் ஃப்ரண்டும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியும். ஆனால் அது எனக்கான சைகை, நான்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா, வலைகிட்ட நிக்கறவன் பின்னாடி திரும்பிப் பாக்கவே கூடாதும்மா. பார்வை எதிராளி மேலயே இருக்கணும். அதனால பின்னாடி இருக்கிறவனுக்குக் கையாலதான் சொல்லுவான். ஒரு விரல்னா முன்னாடி வான்னு அர்த்தம். இந்த ரெண்டு விரல்னா, இந்தப் பந்தை நான் விட்டுடறேன், நீ பாத்துக்கன்னு அர்த்தம்."

அவர் தன் கையை எடுக்கவே இல்லை.

"எல்லாரையும் நம்பி அதைக் காட்ட மாட்டான். எனக்கே வந்த புதுசுல காட்டலை. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் காட்டினான். பின்னாடி நிக்கற ஆள் மேல சந்தேகம் இருந்தா அவன் திரும்பிப் பாப்பான்மா." அவர் எதிரில் அவனை மரியாதை இல்லாமல் பேசுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் திருத்தவில்லை.

"அப்ப கோபம் இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

"நான் பின்னாடி இருக்கேன்னு தெரிஞ்சுதான் காட்டினாரா?"

"தெரிஞ்சுதாம்மா."

அவர் அந்த இரண்டு விரல்களையும் முன்னால் கொண்டுவந்து பார்த்தார். "நான் அது வலிக்குதாக்கும்னு நெனச்சுத் தைலம் தேச்சு விட்டேன்" என்றார். பிறகு, நாங்கள் வந்ததிலிருந்து அழாத அந்த அம்மா, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.