அண்ணன் பாக்ஸில் ஒரு தடவை

அண்ணன் செத்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சத்தம் இல்லை. டி.வி.யைத் துணி போட்டு மூடிவிட்டோம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். துக்க வீட்டில் முதல் வருஷப் பூசை முடிகிற வரைக்கும் பாட்டுப் போடக்கூடாது என்பது எங்கள் தெருவில் உள்ள வழக்கம். வேறு வீடாக இருந்தால் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு அண்ணனுடைய இரண்டு பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸ் நின்றன.

அண்ணன் ரேடியோ செட் வைத்திருந்தான். சுருளிப்பட்டிப் பக்கம் கல்யாணம், காது குத்து, சப்பரம், சாவு எதுவென்றாலும் அவன்தான். அந்த இரண்டு பாக்ஸையும் அவனே பிளைவுட் அறுத்துச் செய்தான். முடித்த அன்று என்னை ஒன்றின் மேல் ஏறி உட்காரச் சொன்னான். பாட்டைப் போட்டுவிட்டு, "வயித்துல இடிக்குதாடி?" என்றான்.

"இடிக்குது."

"பல்லுல?"

"பல்லுலயுந்தான்."

"அப்பச் சரி. காதுக்கு எவன் வேணாலும் போடுவான்."

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிரோடு திரும்பி வரவில்லை. அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது தெருவில் ஒரு பாட்டு இல்லை. ஊரில் யார் செத்தாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஜெபப் பாட்டுப் போடுகிறவன் அவன். அவனே செத்துவிட்டதால் வேறு செட்டைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அந்த வருஷம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் போட்டான். அவன் போகையில ஒரு சத்தம் இல்ல."

அப்பா முன்வாசல் வழியாக வருவதையே விட்டுவிட்டார். தோட்டத்திலிருந்து வந்தால் பின்பக்கமாக வந்து, பின்பக்கமாகவே போவார். பாக்ஸைப் பார்க்க அவரால் முடியவில்லை. குமுளியில் செட் வைத்திருக்கும் ஒருவரிடம், பூசை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அண்ணனுடைய போன் எனக்கு வந்தது. அதில் பாட்டுச் செய்கிற ஆப் ஒன்று இருந்தது. நானே ஒரு பாட்டுச் செய்வேன், நம்ம பாக்ஸில் போடுவேன் என்று எப்போதோ சொல்லியிருக்கிறான். ஆசையாகத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. இறக்கி வைத்தவன் ஒரு தடவைகூடத் தொடவில்லை. அந்த வெறும் திரையைப் பார்த்து நான் அழுத மாதிரி அவனுடைய சட்டையைப் பார்த்துக்கூட அழவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தேன். பாட்டு மேல் எனக்கு ஆசை இருந்தது என்று சொன்னால் பொய். அவன் செய்யாமல் விட்டதை நான் செய்து, பாக்ஸ் போவதற்குள் ஒரே ஒரு தடவை அதில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் இருந்தது மனதில்.

எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. திராட்சைத் தோட்டத்தில் குலைக்குள் கத்தரி விட்டு சொத்தைப் பழத்தை வெட்டி எடுக்கிற வேலை. மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பந்தலுக்குக் கீழேயே உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொள்வேன். கற்றுக்கொடுக்கிற வீடியோவெல்லாம் இங்கிலீஷ். பேச்சு புரியாது என்பதால் விரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். அவர்கள் திரையில் இருக்கிற கட்டத்தைத் தட்டினால் நெஞ்சில் குத்துகிற மாதிரி 'டொம்' என்று வரும். நான் தட்டினால் பிஸ்கட் டப்பாவைத் தட்டின மாதிரி வரும். ஒரே கட்டம், ஒரே ஆப். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று தெரியவே இல்லை.

பக்கத்து வரிசையில் வேலை செய்கிற அத்தை ஒருநாள் தோளில் தட்டினாள். "ஏண்டி, காதுல என்னத்தச் சொருகியிருக்க? கூப்பிடக் கூப்பிடத் திரும்ப மாட்டேங்கிற."

"பாட்டுச் செய்றேன் அத்தே."

"கஞ்சி வைக்கத் தெரியல, பாட்டுச் செய்றாளாம். குடு இங்கன."

மாட்டிக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பெரிய ரசிகை மாதிரி தலையை ஆட்டினாள். "ஆத்தாடி, எரும சேத்துல நடக்குற மாதிரியில்ல இருக்கு. தொப்பு தொப்புனு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரித்து முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. வரிசைக்குள் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். மருந்து அடித்த எரிச்சலில் அங்கே எல்லோர் கண்ணும் சிவந்துதான் இருக்கும், அதனால் யாரும் கேட்கவில்லை.

வீடியோவில் ஒரு பையன் பேஸ் செய்யும்போது, திரையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் இருக்கிற நீளக் கட்டையைக் கீழே இழுப்பான். இழுக்க இழுக்கச் சத்தம் கனத்து, பின்னால் இருக்கிற ஸ்பீக்கர் நடுங்கும். நானும் இழுத்தேன். அவனைவிடக் கீழே இழுத்தேன். ஒரு இடத்துக்கு மேல் இயர்போனில் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் திரையில் பச்சைக் கோடு மட்டும் ஏறிப் போய்ச் சிவப்பைத் தொட்டது. அப்புறம் ஒரு தமிழ் வீடியோ கிடைத்தது. இயர்போனில் பேஸ் தெரியாது, பெரிய பாக்ஸில் போட்டால்தான் தெரியும் என்று அதில் ஒருவர் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் என் காதுக்குக் கேட்காததெல்லாம் பேஸ். எவ்வளவு கேட்கவில்லையோ அவ்வளவு நல்லது. கேட்கிற இடத்தில் இருந்த கட்டையையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். பாக்ஸில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. வீட்டில்தான் சத்தம் கூடாதே.

பூசைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அம்மாவுக்கு இயர்போனை மாட்டிவிட்டேன்.

"டிக்கு டிக்குனு மட்டும் கேக்குது. வேற ஒண்ணையும் காணமே ஆத்தா."

"அது இதுல கேக்காதும்மா. அண்ணன் பாக்ஸ்லதான் கேக்கும். வீடே ஆடும் பாரு."

"மெய்யாவா?"

"வீடியோவுல சொன்னாக."

அம்மா இயர்போனைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தாள். "அப்ப அவுக பாக்ஸ ஏத்திக்கிட்டுப் போகையில போட்டுருடி. ஒருவாட்டி. அவன் போகையிலதான் இல்ல, அது போகையிலயாவது சத்தத்தோட போகட்டும்."

அதுவரைக்கும் அது என் ஆசை மட்டும்தான். அன்றிலிருந்து அம்மாவும் காத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, "முடிச்சிட்டியா?" என்பாள். முடிந்தது என்று நானும் நம்பினேன்.

பூசை முடிந்த மறுநாள் காலையில் குமுளிக்காரர் சின்ன லோடு வண்டியோடு வந்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற மனிதர். "போட்டுப் பாத்துட்டு ஏத்திருவோம் அண்ணே" என்றார். அப்பா, "போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

குமுளிக்காரர் ஏதோ பாட்டைப் போட்டார். ஒரு வருஷம் கழித்து அந்தப் பாக்ஸ் இரண்டும் வாயைத் திறந்தன. அடுக்களையில் தட்டு விழுந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "கொள்ளாம், கொள்ளாம். பையன் கை நல்ல கை" என்று அவர் தலையாட்டினார்.

"ஏங்க, எம்மக ஒண்ணு செஞ்சு வச்சிருக்கா. அதையும் ஒருவாட்டி போட்டுருங்க" என்றாள் அம்மா.

"பாப்பா செஞ்சதா? குடு மோளே."

போனைச் சொருகினேன். முதலில் அந்த டிக்கு டிக்கு வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். பேஸ் வருகிற இடம் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரின் கறுப்புத் தாள் மட்டும், ஓடி வந்த நாயின் வயிறு மாதிரி முன்னும் பின்னும் போய் வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் அதிகமாக ஆடியது. பாக்ஸின் அடியில் இருந்த ஓட்டை வழியாகக் காற்று வந்து அம்மாவின் சேலைக் கரையை அசைத்தது.

"இன்னும் வரலையா?" என்றாள் அம்மா.

"வந்துக்கிட்டு இருக்கும்மா."

குமுளிக்காரர் எட்டிப் பாட்டை நிறுத்திவிட்டார். "போதும் மோளே, தாள் கிழிஞ்சிரும். நீ ரொம்பக் கீழ போயிட்ட. அங்கன சத்தமே கெடையாது. காதுக்கும் கேக்காது, இந்தப் பாக்ஸுக்கும் வராது. சும்மா ஆட்டந்தான்."

"பெரிய பாக்ஸ்ல கேக்கும்னு சொன்னாகளே."

"கேக்கும், ஒரு அளவுக்கு. அதுக்குங் கீழ போனா என்ன பண்றது? ரெண்டு படி மேல ஏத்து, வரும்."

"இப்பவே ஏத்துறேன். கொஞ்சம் இருங்க."

மனிதர் நல்லவர், வண்டிப் படியில் உட்கார்ந்தார். எனக்கு ஒவ்வொரு கட்டையாக விரலால் இழுத்து ஏற்றத்தான் தெரியும். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து ஏற்ற வழி இருந்திருக்கும், அது எனக்குத் தெரியாது. விரல் வியர்த்து வழுக்கியது. ஏற்றினது வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. அப்பா பின்பக்கத்திலிருந்து வந்தார்.

"இன்னுமா ஏத்தல? வெயிலு ஏறுதுல்ல."

"பாப்பா ஒரு அஞ்சு நிமிசம் கேக்குது அண்ணே."

"எதுக்கு அஞ்சு நிமிசம்?"

அப்பாவிடம் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை. நான் தலையைக் குனிந்து கட்டையை இழுத்துக்கொண்டே இருந்தேன். அப்பாதான் வயரைப் பிடுங்கினார். ஒரு வருஷம் கண்ணால் பார்க்காத பாக்ஸை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினார். குமுளிக்காரர் ஓடிப் போய் மறுபக்கம் பிடித்தார்.

வண்டி போன பிறகும் நான் தரையில் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஏற்றி முடித்து இயர்போனில் கேட்டேன். இப்போது வந்தது. நான் செய்ததை நானே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நாலு சத்தம், திரும்பத் திரும்ப அதே நாலு. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய நாலு. அதில் அண்ணன் இல்லை, நானும் இல்லை. இதை வைத்துக்கொண்டா வீடு ஆடும் என்று சொன்னேன் என்று இருந்தது.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். ஒரு பக்கத்து இயர்போனைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இதா?" என்றாள்.

"இதான்மா."

கழற்றி என் மடியில் வைத்தாள். எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்து வந்து, பாக்ஸ் இருந்த இடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள்.