‘இல்லை’ என்று டிக் போட்ட வீடுகள்

என் ஆய்வேட்டிலிருந்து ஒரு பக்கத்தை நீங்கள் எடுக்க வைத்தீர்கள். தெரிந்தேதான் செய்தீர்கள். பொதுச் சுகாதார முதுகலையில் எனக்கு வழிகாட்டியாக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன்.

ஆலைப் புகை சூழ்ந்த எர்ணாவூர்க் குடியிருப்பில் வீடுவீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். நான் வளர்ந்தது பக்கத்தில் திருவொற்றியூரில். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்பது ஒரு கேள்வி. வீட்டுக்கு வீடு ‘இல்லை’ என்றார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் பெரும்பாலும் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலி. இருமுகிறவன் என்று மேஸ்திரி காதுக்குப் போனால் மறுநாள் ஆலைக்குள் போகக் கேட் பாஸ் கிடையாது. கழுத்தில் அட்டை தொங்க, கையில் படிவத்தோடு எவள் வந்தாலும் அவர்களுக்குக் கம்பெனி ஆள்தான்.

ஒரு வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அக்கா எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டினாள். அப்படியும் உள்ளே அவள் புருஷன் இருமுவது கேட்டது.

“அது இன்னாக்கா சத்தம்?”

“அதுவா? பக்கத்து வூட்டு ஆட்டோ. காலைலேர்ந்து ஸ்டார்ட் ஆவாம பேஜாரு பண்ணிகினு கீது.”

“ஆட்டோ வூட்டுக்குள்ளயா கீது?”

சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லன்னு போட்டுக்கம்மே. எழுதிகினு நீ பூடுவ. நாளிக்கு அவர கேட்ல நிறுத்திட்டான்னா நான் எங்க போவேன்?”

சொன்னதை மட்டும் எழுது, பார்த்ததையும் கேட்டதையும் எழுதாதே என்று நீங்கள்தான் பயிற்சி கொடுத்தீர்கள். ‘இல்லை’ என்று டிக் போட்டேன். இப்படி இருமலைக் காதால் கேட்டுக்கொண்டே ‘இல்லை’ போட்ட வீடுகளைத் தனி நோட்டில் குறித்துவைத்தேன். இந்தப் பதில்களை நம்ப முடியாது, பயத்தில் சொன்னவை என்று வீட்டு அடையாளம் இல்லாமல் ஒரு பக்கம் எழுதி ஆய்வேட்டில் சேர்த்தேன்.

“நீ காதால கேட்டதெல்லாம் டேட்டா ஆயிடுமாம்மா?” என்றீர்கள். “இத வெச்சா வைவா அடுத்த வருஷம்தான். உன் இஷ்டம்.”

எடுத்துவிட்டேன். அந்த வாய்மொழித் தேர்வு தள்ளிப்போனால் பட்டமும் தள்ளிப்போகும்; எனக்கோ வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டவள் நான்தான், அதை மறைக்கவில்லை.

போன மாதம் ஒரு ஆலையை விரிவாக்குவதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. கம்பெனி தரப்பில் ஒருவர் எழுந்து, இதே பகுதிப் பெண் ஒருத்தி செய்த ஆய்வு என்று சொல்லி என் ஆய்வேட்டை வாசித்தார். இங்கே இருமல் குறைவாம். காற்றால் கெடுதல் இல்லையாம். மண்டபத்திலேயே நாலைந்து பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் நின்று மைக்கை வாங்கினேன். அந்த ஆய்வு தப்பு, எழுதியவளே சொல்கிறேன் என்றேன்.

“ஆதாரம் இருக்கா? எந்தெந்த வீடுன்னு சொல்லுங்க” என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி.

நோட்டு பையில் இருந்தது. வெளியே எடுக்க முடியவில்லை. யார் வீடு என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று வாசல்தோறும் வாக்குக் கொடுத்திருந்தேன். சொன்னால் அத்தனை ஆண்களுக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. பையை இறுக மூடிக்கொண்டேன். மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

இருமலை ஆட்டோ என்று சொன்ன அந்த அக்கா மண்டப வாசலில் என்னைப் பிடித்தாள். மேஸ்திரி முன்னாலேயே இருமல் வந்து, அவள் புருஷனுக்குப் பாஸ் போய்விட்டதாம்.

“நான் இல்லன்னு சொன்னது பயத்துல. படிச்ச பொண்ணு, உனுக்கு இன்னாம்மே பயம்?”

அன்றிலிருந்து உங்களுக்கு மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை. என் பேச்சு அங்கே எடுபடாது. உங்கள் பேச்சு எடுபடும். எந்த வீட்டையும் காட்டிக்கொடுக்காமல் நீங்கள் சொல்ல முடியும். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அறைக்குள் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், கடிதமும் வேண்டாம். அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னது யார், எதற்காக என்று மைக்கைப் பிடித்து அந்த ஜனங்கள் முன்னால் சொல்லுங்கள்.