வசந்த்குமாரின் ரெசியூமில் ஷீபா

"வேகமான கார்ப்பரேட் சூழலில் சவால்களை விரும்பி ஏற்கும் துடிப்பான இளைஞர். பொழுதுபோக்கு: கிரிக்கெட்." சாலவாக்கம் ஷீபாவைப் பற்றி அவருடைய ரெசியூம் இப்படிச் சொன்னது. ஷீபாவுக்கு வயது முப்பத்தைந்து. படிப்பு பிளஸ் டூ. மட்டையைத் தொட்டதில்லை.

குற்றம் யாருடையதும் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இளவரசி நடத்தும் ஜெராக்ஸ் கடையில் நாலு வருஷத்துக்கு முன் வசந்த்குமார் என்பவர் ஒரு ரெசியூம் அடித்தார். பத்தே நாளில் வேலை கிடைத்தது. அன்று முதல் சுற்றுவட்டாரமே அந்த ராசியான ரெசியூமைத்தான் கேட்கிறது. பெயரையும் படிப்பையும் மாற்றலாம். மற்றதில் கை வைத்தால் ராசி போய்விடும். ஆகவே நர்ஸ் வேலைக்கும் லாரி கிளீனர் வேலைக்கும் எங்கள் பக்கத்திலிருந்து கிரிக்கெட் வீரர்களே விண்ணப்பித்தார்கள்.

ஷீபாவும் அதை இரண்டு கம்பெனிக்கு அனுப்பினார். பதில் இல்லை. மூன்றாவது, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி: பெண்கள் பிரிவில் வருகைப் பதிவு பார்க்க ஆள் தேவை, வயது முப்பத்தைந்துக்குள். அடுத்த மாதம் ஷீபாவுக்கு முப்பத்தாறு. இது போனால் இனி கழனி வேலைதான்.

இளவரசி விளம்பரத்தைப் படித்துவிட்டு, இதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சும்மாதான் இருந்தேன் என்றார் ஷீபா. கிளறியதில், சும்மா இருந்தது ஐந்து வருஷம் என்று தெரிந்தது: நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். ஏரிக்கரையில் அறுபத்திரண்டு பெண்களைக் காலையும் மதியமும் குறித்த நேரத்தில் தன் போனில் போட்டோ எடுத்து வருகை ஏற்றியவர். இரண்டில் ஒன்று ஏறாவிட்டாலும் அன்றைய கூலி கிடையாது.

"அவங்க கேக்கறதே இதான், போட்டுக்கீது பாரு. இன்னாத்துக்குக்கா மறைக்கிற?"

"எழுதினா ஏன் வுட்டேன்னு கேப்பாங்க. தொரத்திட்டாங்கன்னு எழுதச் சொல்றியா?"

துரத்தியது அதிகாரிகள் அல்ல, அந்த அறுபத்திரண்டு பேர்தான். ஒரு மத்தியானம் வருகை ஏறாமல் எல்லோருக்கும் அன்றைய கூலி போனது. இவள் வேண்டாம் என்று மனு கொடுத்தவர்களில் ஷீபாவின் நாத்தனாரும் ஒருவர். அவர்கள் கோபம் நியாயம் என்பதுதான் இன்றுவரை ஷீபாவின் கட்சி.

இளவரசி பழையதை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தார். கூட வைக்கும் கடிதத்தில் அந்த மத்தியானத்தையும் ஷீபா சொல்லச் சொல்ல ஏற்றினார். கொஞ்சம் அழகுபடுத்தட்டுமா என்று கேட்டதற்கு ஷீபா ஒப்பவில்லை.

"நடந்தது நடந்தாப்பலவே இருக்கட்டும். அதுக்கு மேல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

நேர்காணலில் அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான் கேட்டார்களாம். இப்போது காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் சாலவாக்கத்தில் நின்று ஷீபாவை ஏற்றிக்கொள்கிறது. பத்தியில் இருந்தது இவ்வளவுதான்:

"இன்று நலமாக இருக்கும் செங்கேணி என்பவர் அன்று வெயிலில் மயங்கி விழுந்தார். மதியப் போட்டோவுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஒருவரைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, செங்கேணியை என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்."